மெனடையோனைச் செல் வளர்ப்பில் பயன்படுத்தும் முறை: எடை பார்ப்பது முதல் முடிவைப் படிப்பது வரை

செல்களுக்குள் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை வேண்டிய நேரத்தில் உண்டாக்கி அதன் விளைவுகளைப் படிக்க விரும்பும் ஆய்வகங்கள் பல பத்தாண்டுகளாகக் கையாண்டு வரும் சேர்மங்களுள் மெனடையோன் முன்வரிசையில் இருப்பது. 2-மெத்தில்-1,4-நாப்தோகுயினோன் என்பது அதன் வேதிப்பெயர். பளிச்சென்ற மஞ்சள் நிறப் படிகப்பொடி. மூலக்கூறு எடை 172.18, உருகுநிலை 105 முதல் 107 டிகிரி செல்சியஸ் வரை. வைட்டமின் கே3 என்ற பெயரும் இதற்கு உண்டு. ஹென்ரிக் டாம், எட்வர்ட் டாய்சி ஆகிய இருவருக்கும் 1943ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசைப் பெற்றுத் தந்த வைட்டமின் கே குடும்பத்தின் மிக எளிய உறுப்பினர் இது. பச்சிளங் குழந்தைகளிடம் சிவப்பணுச் சிதைவையும் மஞ்சள் காமாலையையும் உண்டாக்கியதால் மனித மருத்துவத்தில் இதன் பயன்பாடு பல நாடுகளில் கைவிடப்பட்டது. மருந்தாக இதனைத் தகுதியற்றதாக்கிய அதே பண்புதான் ஆய்வகத்தில் இதனைப் பயனுள்ள கருவியாக்கியிருக்கிறது.

ஆயினும் இது ஒற்றை வேலை செய்யும் கருவி அன்று. மெனடையோன் ஒருபுறம் எலக்ட்ரான்களை வாங்கி ஆக்சிஜனுக்குக் கொடுக்கும் சுழற்சியில் ஈடுபடுகிறது. மறுபுறம் செல்லின் காப்புப் பொருளான குளுட்டதயோன், புரதங்களின் சிஸ்டீன் போன்ற தயால்களோடு (கந்தக-ஹைட்ரஜன் தொகுதி கொண்டவற்றோடு) நேரடியாகப் பிணைந்துகொள்கிறது. முன்னதால் வந்த விளைவைப் பின்னதற்கும், பின்னதால் வந்ததை முன்னதற்கும் ஏற்றிச் சொல்லும் முடிவுகள் ஆய்வேடுகளில் மிகுந்து கிடக்கின்றன. கரைசல் தயாரிப்பதிலிருந்து வளர்ப்புத் தட்டில் ஒப்பீட்டுக்கான கட்டுப்பாட்டுக் குழிகளை ஒதுக்குவது வரை ஒவ்வொரு படியிலும் இந்த இரண்டையும் பிரித்தறிய இடம் வைத்துத் திட்டமிட வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை.

இரண்டு வேலைகளும் நடக்கும் விதம்

செல்லுக்குள் நுழைந்த மெனடையோனுக்கு முன்னால் இரண்டு ஒடுக்க வழிகள் உள்ளன. என்ஏடிபிஎச்-சைட்டோகுரோம் பி450 ரிடக்டேஸ், சைட்டோகுரோம் பி5 ரிடக்டேஸ், மைட்டோகாண்ட்ரியாவின் முதல் கூட்டமைப்பு ஆகியவை அதற்கு ஓர் எலக்ட்ரானை மட்டும் கொடுத்துச் செமிகுயினோன் என்னும் தனி உறுப்பாக (இணையற்ற எலக்ட்ரான் கொண்ட மூலக்கூறாக) மாற்றுகின்றன. அந்தச் செமிகுயினோன் ஆக்சிஜனைச் சந்தித்த கணத்தில் எலக்ட்ரானை அதனிடம் தள்ளிவிட்டு மீண்டும் குயினோனாகிறது; ஆக்சிஜன் சூப்பர்ஆக்சைடாகிறது. சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் நொதி அதை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. குயினோன் தீர்ந்துபோவதில்லை என்பதால் மிகச் சிறிய அளவு மெனடையோனும் பல சுற்றுகள் ஓடி, செல்லின் எலக்ட்ரான் வழங்கியான என்ஏடிபிஎச்சின் கையிருப்பைக் கரைத்துக்கொண்டே பெராக்சைடைக் குவிக்க முடிகிறது.

இரண்டாம் வழி என்கியூஓ1 என்னும் நொதியுடையது. லார்ஸ் எர்ன்ஸ்டர் 1958இல் அறிவித்த இந்த நொதி டிடி-டயாஃபோரேஸ் என்ற பழைய பெயராலும் அறியப்படுகிறது. இது இரண்டு எலக்ட்ரான்களை ஒரே வீச்சில் கொடுத்து, செமிகுயினோன் நிலையைத் தாண்டி, மெனடையால் என்னும் ஹைட்ரோகுயினோனை உண்டாக்குகிறது. மெனடையால் குளுக்குரோனைடாகவோ சல்ஃபேட்டாகவோ பிணைக்கப்பட்டு வெளியேற்றப்படும். 1980களில் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ஸ்டென் ஒர்ரேனியஸ் குழுவினர் பிரித்தெடுத்த எலிக் கல்லீரல் செல்களில் டைகுமரால் கொண்டு இந்த நொதியைத் தடுத்தபோது மெனடையோனின் நச்சுத்தன்மை கூடியது. ஒற்றை எலக்ட்ரான் வழியே கேடு விளைப்பது என்ற கருத்து அதனால் வலுப்பெற்றது.

பிணைப்பு வேலைக்கு நொதி எதுவும் தேவையில்லை. மெனடையோனின் 2ஆம் இடத்தை மெத்தில் தொகுதி அடைத்திருக்கிறது. 3ஆம் இடம் காலியாக உள்ளது. குளுட்டதயோனின் கந்தகம் அந்த இடத்தில் மைக்கேல் சேர்க்கை வழியாக ஏறி உட்காருகிறது. அப்படி உண்டான குளுட்டதயோன் இணைப்புச் சேர்மமும் குயினோனாகவே நீடிப்பதால் அதுவும் ஏற்ற-ஒடுக்கச் சுழற்சியில் ஈடுபடக்கூடியது. இணைந்துவிட்டதாலேயே நச்சு நீங்கிவிட்டது என்று கொள்ளக் கூடாது.

பொடியும் இருப்புக் கரைசலும்

மெனடையோன் ஒளிக்கு அஞ்சும் பொருள். வெயில் பட்ட பொடி பழுப்பேறும். கரைசல் இன்னும் விரைவாகக் கெடும். புட்டியைப் பழுப்புக் கண்ணாடியில், ஈரம் புகாமல், இருட்டில் வைக்க வேண்டும். நிறம் மங்கிய பொடியைப் பயன்படுத்துவதைக் காட்டிலும் புதிய புட்டியைத் திறப்பது எப்போதும் மலிவானது. ஐயம் இருந்தால் உருகுநிலையைப் பார்க்கலாம், அல்லது எத்தனாலில் நீர்த்த கரைசல் தயாரித்துப் புற ஊதா நிறமாலை எடுக்கலாம். 250 நானோமீட்டர் அருகில் வலுவான உட்கவர்தலும் 330 நானோமீட்டர் அருகில் அதனினும் மெலிந்த ஒன்றும் தெரிய வேண்டும்.

எடை பார்ப்பதைப் புகைபோக்கிப் பெட்டிக்குள், நைட்ரைல் கையுறையும் கண்காப்பும் அணிந்து செய்ய வேண்டும். பொடியின் தூசி மூச்சுப்பாதையையும் தோலையும் எரிச்சலூட்டும். எத்தனால் கரைசல் தோலில் பட்டால் கொப்புளம் எழுப்பும் தன்மையுடையது. தட்டில் சிந்திய மஞ்சள் துகளைத் துடைக்காமல் விட்டால் அடுத்து எடை பார்ப்பவரின் கையில்தான் அது ஒட்டும்.

கரைப்பானைத் தேர்வதில் இரண்டு வழிகள் உண்டு. மெனடையோன் நீரில் ஏறக்குறையக் கரையாது. ஒரு கிராம் கரைய எத்தனால் 60 மில்லிலிட்டர் அளவுக்குத் தேவைப்படும். அதாவது எத்தனாலில் 100 மில்லிமோலாரை எட்டுவதற்குள் எல்லை வந்துவிடுகிறது, உறைபெட்டியில் வைத்தால் படிகம் பிரிந்து விழவும் வாய்ப்புண்டு. டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) என்னும் கரைப்பானில் இத்தகைய நெருக்கடி இல்லை. அன்றன்றைக்குத் தயாரித்துப் பயன்படுத்துவதாயின் எத்தனால் போதும்; சிறு பங்குகளாகப் பிரித்து உறைய வைப்பதாயின் டிஎம்எஸ்ஓ ஏற்றது. எத்தனால் கரைசலைத் திரும்பத் திரும்பத் திறந்தால் கரைப்பான் ஆவியாகிச் செறிவு ஏறிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். எந்தக் கரைப்பானும் நடுநிலையானதன்று: இறுதி ஊடகத்தில் 0.1 சதவீதம் டிஎம்எஸ்ஓ என்பது ஏறத்தாழ 14 மில்லிமோலார், எத்தனாலாயின் ஏறத்தாழ 17 மில்லிமோலார். இரண்டுமே ஹைட்ராக்சில் தனி உறுப்பைக் கவர்ந்துகொள்பவை. சதவீதத்தில் சொல்லும்போது அற்பமாகத் தோன்றும் கரைப்பான், மூலக்கூறு எண்ணிக்கையில் மெனடையோனைவிடப் பல நூறு மடங்கு அதிகமாக இருக்கிறது.

80 மில்லிமோலார் கரைசல் தயாரிக்க 13.8 மில்லிகிராம் பொடியை 1 மில்லிலிட்டர் டிஎம்எஸ்ஓவில் கரைக்க வேண்டும். சரியாக அந்த எடையைப் பிடிக்க முயன்று பொடியைத் தட்டிலிருந்து புட்டிக்கும் புட்டியிலிருந்து தட்டுக்கும் மாற்றிக்கொண்டிருப்பதைவிட, விழுந்த எடையைக் குறித்துக்கொண்டு அதற்கேற்பக் கரைப்பானின் கன அளவைத் தீர்மானிப்பது நல்லது: 11.2 மில்லிகிராம் விழுந்திருந்தால் 813 மைக்ரோலிட்டர் ஊற்ற வேண்டும். இதிலிருந்து அதே கரைப்பானில் பாதிப் பாதியாக நீர்த்து 40, 20, 10, 5 மில்லிமோலார் கரைசல்களைத் தயாரிக்க வேண்டும். ஒவ்வொன்றும் இறுதிச் செறிவைப் போல் ஆயிரம் மடங்கு. இந்த ஏற்பாட்டின் பயன் என்னவெனில், எல்லாக் குழிகளும் ஒரே அளவு கரைப்பானைப் பெறும். ஒரே இருப்புக் கரைசலை வெவ்வேறு கன அளவில் சேர்த்தால் மெனடையோனோடு கரைப்பானும் ஏறிக்கொண்டே போகும்; பிறகு எது எதனைச் செய்தது என்று பிரிக்க இயலாது. சிறு பங்குகளைப் பழுப்புக் குழாயிலோ அலுமினியத் தாள் சுற்றிய குழாயிலோ −20 டிகிரியில் வைத்து, ஒரு முறை உருக்கியதைத் திரும்ப உறைய வைக்காமல் கழித்துவிட வேண்டும்.

நீரில் கரையும் வடிவம் வேண்டுவோர் மெனடையோன் சோடியம் பைசல்ஃபைட்டை நாடுகின்றனர். அதன் மூலக்கூறு எடை நீரற்ற நிலையில் 276.2, மூன்று நீர் மூலக்கூறுகளோடு 330.3, எந்த வடிவம் வந்திருக்கிறது என்று புட்டியின் சீட்டைப் பார்த்த பிறகே கணக்கிட வேண்டும். கரைசலில் இது மெனடையோனையும் பைசல்ஃபைட்டையும் விடுவிக்கும் சமநிலையில் இருப்பதால், செல் உணரும் மெனடையோனின் செறிவு சேர்த்த அளவுக்குச் சமமாகாது. பைசல்ஃபைட்டு தானும் ஓர் ஒடுக்கி. ஆகவே சம அளவு சோடியம் பைசல்ஃபைட்டு மட்டும் பெறும் கட்டுப்பாடு கட்டாயம். விலங்குகளுக்குச் செலுத்தும் ஆய்வுகளில் இந்த வடிவத்துக்கு இடமுண்டு. செல் வளர்ப்பில் மூல மெனடையோனையே விரும்புவது என் நிலைப்பாடு, ஏனெனில் அங்கே தெளிவில்லாத சமநிலை ஒன்று குறைகிறது.

கரைசல் உயிரோடிருக்கிறதா என்று நொதிகள் இன்றியே சோதிக்கலாம். காற்று நிறைந்த தாங்கல் கரைசலில் உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் டிடிபிஏ சேர்த்து, ஆக்சிஜன் மின்வாய் பொருத்திய கலத்தில் வைத்து, 1 மில்லிமோலார் அஸ்கார்பிக் அமிலம் சேர்க்க வேண்டும். உலோகம் கட்டப்பட்டிருந்தால் கோடு ஏறக்குறையத் தட்டையாக ஓடும். அதில் 10 மைக்ரோமோலார் மெனடையோன் விழுந்ததும் ஆக்சிஜன் இறங்கத் தொடங்கும். அஸ்கார்பேட்டிலிருந்து எலக்ட்ரானை வாங்கி ஆக்சிஜனிடம் கொடுக்கும் வேலையை மெனடையோன் தொடங்கிவிட்டது என்பது அதன் பொருள். 37 டிகிரியில் காற்று நிறைந்த நீரில் ஏறத்தாழ 200 மைக்ரோமோலார் ஆக்சிஜன்தான் இருக்கும் என்பதால் இறக்கம் நன்றாகவே தெரியும். நடுவில் சிறிது கேட்டலேஸ் சேர்த்தால் கோடு சற்று மேலே துள்ளும்: குவிந்திருந்த பெராக்சைடு நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து, செலவான ஆக்சிஜனில் ஒரு பகுதி திரும்பி வருகிறது. செலவானதெல்லாம் பெராக்சைடாகவே நின்றிருந்தால் சரிபாதி திரும்ப வேண்டும். பழைய கரைசலையும் புதிய கரைசலையும் இவ்வாறு அருகருகே ஓட்டிப் பார்த்தால் வேகத்தில் உள்ள வேறுபாடு கண்ணெதிரே நிற்கும்.

ஊடகத்தைத் தேர்தல்

வளர்ப்பு ஊடகத்தில் மெனடையோனுக்கு எதிரிகள் பலர். 10 சதவீதம் கன்றுச் சீரம் சேர்த்த ஊடகத்தில் ஆல்புமின் பல பத்து மைக்ரோமோலார் அளவில் உள்ளது. அதன் கட்டற்ற தயால் குயினோனைப் பிடிக்கும், அதன் கொழுப்பு விரும்பும் குழிகளும் பிடிக்கும். ஆர்பிஎம்ஐ 1640 ஊடகத்தின் கலவையிலேயே லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஒடுங்கிய குளுட்டதயோன் உண்டு. டிஎம்இஎம் ஊடகத்தின் பல வகைகளில் 1 மில்லிமோலார் பைருவேட் சேர்க்கப்பட்டிருக்கும். பைருவேட் ஹைட்ரஜன் பெராக்சைடோடு நேரடியாக வினைபுரிந்து அதை அழித்துவிடும். பைருவேட் உள்ள ஊடகத்தில் செல்கள் தாக்குப்பிடித்ததையும் இல்லாத ஊடகத்தில் மடிந்ததையும் பார்த்து, செல் வகைகளுக்கிடையே எதிர்ப்பாற்றலில் வேறுபாடு உண்டு என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

எனவே குறுகிய காலச் சோதனைகளுக்குச் சீரம், பைருவேட், ஃபீனால் சிவப்பு ஆகிய மூன்றும் இல்லாத, குளுக்கோஸ் உள்ள ஹேங்க்ஸ் சமநிலை உப்புக்கரைசல் மிகப் பொருத்தமானது. குளுக்கோஸை விட்டுவிடக் கூடாது: பென்டோஸ் பாஸ்பேட் பாதை வழியாக என்ஏடிபிஎச்சைப் புதுப்பிக்கும் எரிபொருள் அதுவே. நீண்ட காலம் முழு ஊடகத்தில்தான் செய்தாக வேண்டும் என்ற நிலையில், ஊடகத்தின் பெயரையும் வகையையும் சீரத்தின் சதவீதத்தையும் மாற்றாமல் எல்லாச் சோதனைகளையும் முடிக்க வேண்டும்.

அளவும் நேரமும்

ஆய்வேடுகளில் 5 முதல் 100 மைக்ரோமோலார் வரை அளவுகள் காணப்படுகின்றன. இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்வதற்கு முன்னால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 96 குழித் தட்டில் 100 மைக்ரோலிட்டரில் 25 மைக்ரோமோலார் என்றால் குழியில் இருப்பது 2.5 நானோமோல். அதில் 20,000 செல்கள் இருந்தால் செல் ஒன்றுக்கு 125 ஃபெம்டோமோல். 10,000 செல்கள்தான் இருந்தால் 250 ஃபெம்டோமோல். செல்லின் கன அளவை 2 பிக்கோலிட்டர் என்றும் குளுட்டதயோன் செறிவை 5 மில்லிமோலார் என்றும் கொண்டால், செல் ஒன்றில் உள்ள குளுட்டதயோன் வெறும் 10 ஃபெம்டோமோல். பிணைப்பு வேலைக்கு மட்டுமே பார்த்தாலும் செல் தன் கையிருப்பைவிடப் பத்து மடங்குக்கும் மேலான குயினோனை எதிர்கொள்கிறது. செல்களின் அடர்த்தி பாதியானால் சுமை இரட்டிப்பாகிறது. ஆகவே மைக்ரோமோலார் எண்ணோடு குழியின் கன அளவையும் செல்களின் எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்லாத ஓர் அளவு முழுமையான அளவாகாது. 96 குழித் தட்டில் கண்ட அளவை 6 குழித் தட்டுக்கு மாற்றும்போது செறிவை அன்று, செல்லுக்கான மோல் அளவைச் சமமாக வைத்துப் பார்ப்பதே என் பரிந்துரை.

முன்னோட்டச் சோதனையில் 0, 5, 10, 20, 40, 80 மைக்ரோமோலார் என்ற வரிசை போதுமானது. முந்தைய நாள் செல்களை விதைத்து, மறுநாள் அவை ஒட்டிப் பரவியிருப்பதை நுண்ணோக்கியில் உறுதி செய்த பின், ஊடகத்தை எடுத்துவிட்டு உப்புக்கரைசலால் இரு முறை கழுவ வேண்டும். இருப்புக் கரைசலை நேரடியாகக் குழியில் விடக் கூடாது. 37 டிகிரிக்குச் சூடாக்கிய உப்புக்கரைசல் 1 மில்லிலிட்டரில் 1 மைக்ரோலிட்டர் வீதம் தனிக் குழாயில் கலந்து, உடனே சுழற்றி, சில நிமிடங்களுக்குள் குழிகளில் ஊற்ற வேண்டும். துளி நேரடியாக விழுந்தால் அந்த இடத்துச் செல்கள் மட்டும் திட்டமிட்டதைவிட நூறு மடங்குச் செறிவைக் கணநேரம் சந்திக்கும். தட்டை இருட்டில் ஒரு மணி நேரம் வைத்து, பின் கழுவி, வழக்கமான ஊடகத்தைத் திருப்பி ஊற்றி, 24 மணி நேரத்துக்குப் பின் பிழைத்தவற்றைக் கணக்கிட வேண்டும்.

கிடைக்கும் வளைகோடு மெல்லச் சரிவதில்லை. குளுட்டதயோன் தாங்கும் வரை ஏறக்குறைய எதுவும் நடக்காது. அது தீர்ந்ததும் ஓரிரு படிகளுக்குள் செல்கள் கூட்டமாக மடியும். 20 மைக்ரோமோலாரில் நலமாக இருந்த செல்கள் 40இல் உருண்டு, மேற்பரப்பில் குமிழ்கள் தள்ளி, தட்டை விட்டுப் பெயர்வதைக் காணலாம். செங்குத்தான இந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்று கண்ட பின், அதைச் சுற்றி 3 மைக்ரோமோலார் இடைவெளியில் மறுபடி ஒரு வரிசை எடுக்க வேண்டும். சமிக்ஞைப் பாதைகளைப் படிப்பவர்கள் செல்கள் பிழைக்கும் அளவிலும், இறப்பைப் படிப்பவர்கள் வளைகோட்டின் நடுவிலும் நிற்க வேண்டும். இரண்டையும் ஒரே அளவில் படிக்க முயல்வது வீண்.

செல் வகையும் முடிவைத் திருப்பும். ஏ549 என்னும் நுரையீரல் புற்றுநோய்ச் செல்களில் கீப்1 மரபணு பழுதாகி, அது அடக்கி வைக்க வேண்டிய, காப்பு மரபணுக்களை இயக்கும் என்ஆர்எஃப்2 புரதம் எப்போதும் விழித்திருப்பதால் என்கியூஓ1 மிகுந்திருக்கிறது. எம்டிஏ-எம்பி-231 என்னும் மார்பகப் புற்றுநோய்ச் செல்களிலோ மரபணு வேறுபாட்டால் அந்த நொதியின் செயல்பாடு ஏறக்குறைய இல்லை. ஒரே 30 மைக்ரோமோலார் இந்த இரண்டிலும் ஒரே பொருளைத் தருவதில்லை. மேலும் மெனடையோனின் பிணைப்பு வேலை கீப்1 புரதத்தின் சிஸ்டீனைத் தாக்கி என்ஆர்எஃப்2ஐ எழுப்பக்கூடியது என்பதால், ஒருமுறை குறைந்த அளவு பெற்ற செல்கள் அடுத்த முறை கூடுதலாகத் தாங்கும். முன்பே ஒருமுறை பயன்படுத்திய தட்டின் செல்களை மறு சோதனைக்கு எடுப்பது தவிர்க்கப்பட வேண்டியது.

கட்டுப்பாடுகள்: இரண்டையும் பிரிக்கும் இடம்

கரைப்பான் மட்டும் பெறும் குழி, எதுவும் பெறாத குழி, செல்லின்றி மெனடையோன் மட்டும் உள்ள குழி ஆகிய மூன்றும் எல்லோரும் வைப்பவை. இவற்றுக்கு மேல் 2,3-டைமெத்தாக்சி-1,4-நாப்தோகுயினோனை வைக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். அதில் 2, 3 ஆகிய இரு இடங்களும் அடைபட்டிருப்பதால் தயால்களோடு பிணைய இயலாது; சுழற்சி மட்டுமே நடக்கும். அதன் மூலக்கூறு எடை 218.2, 10 மில்லிமோலாருக்கு மில்லிலிட்டருக்கு 2.18 மில்லிகிராம். எதிர்ப்புறத்தில், பிணைப்பையே முதன்மையாகச் செய்யும் 1,4-பென்சோகுயினோனை வைக்கலாம். மெனடையோனில் கண்ட விளைவு முதலாவதில் தோன்றி இரண்டாவதில் தோன்றாவிட்டால் அது சுழற்சியின் விளைவு என்று சொல்லப் போதிய அடிப்படை உண்டு. இரண்டாவதில் மட்டும் தோன்றினால், ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்ற தலைப்பையே மாற்ற வேண்டியிருக்கும்.

இங்கே என்-அசிட்டில்சிஸ்டீனைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். மெனடையோனுக்கு முன் அதைச் சேர்த்தால் செல்கள் பிழைக்கின்றன. ஆகவே இறப்புக்குக் காரணம் ஆக்சிஜன் தனி உறுப்புகளே என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. என்-அசிட்டில்சிஸ்டீன் ஒரு தயால். அது ஊடகத்திலேயே மெனடையோனின் 3ஆம் இடத்தில் பிணைந்து, செல்லுக்குள் போகும் குயினோனின் அளவைக் குறைத்துவிடும். பிழைத்தது உண்மை, காரணம் வேறு. இதைச் சோதிக்க எளிய வழி, தயாலை முன்கூட்டியே கொடுத்து, கழுவி நீக்கிவிட்டு, பிறகு மெனடையோன் கொடுப்பது. அதனினும் சிறந்தது தயால் அல்லாத காப்புகளை நாடுவது: வெளியே கேட்டலேஸ் சேர்த்துக் காப்பு கிடைக்கிறதா என்று பார்க்கலாம், அல்லது கேட்டலேஸ் மரபணுவைச் செல்லுக்குள் மிகுதியாக வெளிப்படுத்தலாம். கொதிக்க வைத்துச் செயலிழந்த கேட்டலேஸையும் உடன் வைக்க வேண்டும், ஏனெனில் புரதம் என்ற முறையிலேயே அது குயினோனைப் பிடிக்கக்கூடும்.

என்கியூஓ1இன் பங்கை அறிய டைகுமரால் பழைய கருவி. அது மைட்டோகாண்ட்ரியாவில் சுவாசத்துக்கும் ஏடிபி உற்பத்திக்கும் உள்ள இணைப்பையும் குலைக்கிறது, சீரத்தின் ஆல்புமினோடும் இறுகப் பிணைகிறது. இஎஸ்936 என்னும் தடுப்பானோ மரபணு நீக்கமோ அதைவிட நம்பத்தக்கது.

அளவிடும்போது வரும் பொறிகள்

பிழைப்புச் சோதனைகளில், உயிருள்ள செல் ஒடுக்கும்போது நிறம் பெறும் டெட்ராசோலியம் உப்புகளை, அதாவது எம்டிடி, எக்ஸ்டிடி போன்றவற்றை, மெனடையோனோடு சேர்த்துப் பயன்படுத்தக் கூடாது. செல்லுக்குள் ஒடுங்கிய குயினோனும் அதிலிருந்து பிறந்த சூப்பர்ஆக்சைடும் டெட்ராசோலியத்தை நேரடியாக ஒடுக்கி நிறம் கொடுக்கும். மடிந்துகொண்டிருக்கும் செல்கள் நலமாக இருப்பது போலத் தோன்றும். கேண்டிடா பூஞ்சைப் படலங்களின் உயிர்ப்பை அளக்க எக்ஸ்டிடியோடு 1 மைக்ரோமோலார் அளவில் மெனடையோனை வேண்டுமென்றே சேர்க்கும் முறையே வழக்கில் உள்ளது: நிறத்தைக் கூட்டும் எலக்ட்ரான் கடத்தியாக அது அங்கே பயன்படுகிறது. அங்கே உதவியாக அமைவது இங்கே பிழையாகிறது. செல்லில்லாத குழியில் நிறம் வரவில்லை என்பதை வைத்துத் தேறுதல் கொள்ள முடியாது. எலக்ட்ரானைக் கொடுப்பது செல் என்பதால், குறுக்கீடு செல் இருந்தால்தான் வெளிப்படும்.

லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் கசிவை அளக்கும் பெரும்பாலான தொகுப்புகளும் டயாஃபோரேஸையும் டெட்ராசோலியத்தையும் நம்பியவை என்பதால் அதே ஐயம் அங்கும் உண்டு. முழுவதும் உடைத்த செல்களின் திரவத்தில் மெனடையோனைச் சேர்த்தும் சேர்க்காமலும் அளந்து, இரண்டும் ஒன்றாக வந்தால் மட்டுமே அத்தொகுப்பைப் பயன்படுத்த வேண்டும். 340 நானோமீட்டரில் என்ஏடிஎச்சைப் பின்தொடரும் முறைகளில் மெனடையோனின் சொந்த உட்கவர்தல் அதே பகுதியில் விழுகிறது. அதற்குரிய கழிவைச் செய்ய வேண்டும். ஏடிபி ஒளிர்வுச் சோதனை குறுக்கீடு குறைந்தது, ஆனால் ஏடிபி சரிவது இறப்புக்கு முன்னதாகவே நிகழ்வதால் அதையே இறப்பு என்று படிக்கலாகாது. டிரைப்பான் நீலமும் புரோப்பிடியம் அயோடைடும் சவ்வு உடைந்ததை நேர்மையாகக் காட்டும். நேரம் இருப்பவர்கள், பிழைத்த ஒவ்வொரு செல்லும் பெருகி உண்டாக்கும் கூட்டங்களை எண்ணும் கூட்டமைவு எண்ணிக்கைச் சோதனைக்குப் போவதே மேல். 10 நாட்களுக்கு மேல் பிடித்தாலும் மறுக்க இயலாத விடை அதில் கிடைக்கிறது.

சூப்பர்ஆக்சைடை அளப்பது இன்னும் நுட்பமானது. டைகுளோரோஃபுளூரசீன் சாயம் ஹைட்ரஜன் பெராக்சைடோடு தானாக வினைபுரிவதில்லை. இரும்போ பெராக்சிடேஸோ இடையில் வேண்டும். அதன் இடைநிலைத் தனி உறுப்பு தானே ஆக்சிஜனோடு சேர்ந்து சூப்பர்ஆக்சைடை உண்டாக்குவதால், அளவிடும் கருவியே அளவை ஏற்றிவிடுகிறது. அதைக் கொண்டு ஏதோ ஆக்சிஜனேற்றம் நடந்தது என்று சொல்லலாம். எது, எவ்வளவு என்று சொல்ல இயலாது. ஹைட்ரோஎத்திடின் சூப்பர்ஆக்சைடோடு வினைபுரிந்து 2-ஹைட்ராக்சிஎத்திடியம் என்னும் தனிப்பட்ட விளைபொருளைத் தருகிறது. பிற ஆக்சிஜனேற்றங்களால் எத்திடியம் உண்டாகிறது. இரண்டும் சிவப்பாகவே ஒளிர்வதால் நுண்ணோக்கியில் பிரித்தறிவது கடினம். உயர்திறன் திரவ வண்ணப்பகுப்பில் பிரித்த பிறகே எண்ணைச் சொல்ல வேண்டும்.

சைட்டோகுரோம் சி ஒடுக்கத்தை 550 நானோமீட்டரில் பின்தொடரும் பழைய முறையிலும் ஒரு சிக்கல் உள்ளது. செமிகுயினோனும் ஹைட்ரோகுயினோனும் சைட்டோகுரோமுக்கு நேரடியாகவே எலக்ட்ரான் கொடுக்க வல்லவை. சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் சேர்த்தால் குறையும் பகுதியே சூப்பர்ஆக்சைடின் பங்கு என்பது பொதுவிதி. குயினோன் உள்ள இடத்தில் இது முழுதும் பொருந்தாது: பிஎச் 7இல் மெனடையோனின் ஒற்றை எலக்ட்ரான் மின்னழுத்தம் ஏறத்தாழ −203 மில்லிவோல்ட், ஆக்சிஜனுடையது 1 மோலார் செறிவை அடிப்படையாகக் கொண்டால் ஏறத்தாழ −155. இரண்டும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் எலக்ட்ரான் இரு திசையிலும் போகக்கூடும். டிஸ்மியூட்டேஸ் சூப்பர்ஆக்சைடை அகற்றும்போது செமிகுயினோனும் சேர்ந்தே வடிந்துவிடும்.

இந்தச் சங்கடங்கள் அனைத்தையும் பார்க்கும்போது, சுழற்சியை அளக்க ஆக்சிஜன் செலவையே நான் முதலில் நாடுவேன். ரோட்டினோனும் ஆன்டிமைசினும் கொடுத்து மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசத்தை நிறுத்திய பின்னும் மெனடையோன் சேர்த்தவுடன் ஆக்சிஜன் குறையத் தொடங்கினால், அந்தச் செலவு சுழற்சியுடையது. ஒளிரும் சாயம் எதுவும் இடையில் இல்லை.

பிணைப்பை அளக்கக் குளுட்டதயோன் கணக்கே சிறந்த வழி. செல்களை எடுக்கும் கணத்திலேயே என்-எத்தில்மேலியிமைடு கொண்டு தயால்களை மூடிவிட்டு, தனித்தனியே ஒடுங்கிய வடிவத்தையும் ஆக்சிஜனேறிய வடிவத்தையும் அளக்க வேண்டும். மூடாமல் விட்டால் குளுட்டதயோன் அமிலச் சாற்றுக்கு வரும் வழியிலேயே ஆக்சிஜனேறி, நடக்காத ஒன்றைக் காட்டும். ஒடுங்கியதோடு ஆக்சிஜனேறியதை இரண்டால் பெருக்கிக் கூட்டினால் மொத்தம் கிடைக்கிறது. ஒடுங்கியது குறைந்து ஆக்சிஜனேறியது அதற்கேற்ப ஏறி மொத்தம் மாறாமலிருந்தால் சுழற்சி மேலோங்கியது என்று பொருள். மொத்தமே குறைந்துவிட்டால் காணாமற்போன பகுதி குயினோனோடு பிணைந்திருக்கலாம், செல்லுக்கு வெளியே தள்ளப்பட்டிருக்கலாம், புரதங்களோடு டைசல்ஃபைடாக ஒட்டியிருக்கலாம். ஊடகத்தை அளந்தால் வெளியேறியது தெரியும். புரத வீழ்படிவை டைதையோதிரெய்ட்டாலால் ஒடுக்கி அளந்தால் ஒட்டியிருந்தது திரும்பும். எதிலும் கிடைக்காத எஞ்சிய பகுதியே குயினோன் இணைப்பு.

பதிவேட்டில் இருக்க வேண்டியவை

மெனடையோனின் வடிவம், தொகுதி எண், கரைப்பானும் அதன் இறுதிச் சதவீதமும், கரைசல் தயாரித்த நாள், ஊடகத்தின் முழுப் பெயர், சீரமும் பைருவேட்டும் இருந்தனவா என்பது, குழியின் கன அளவு, சேர்த்த நேரத்தில் இருந்த செல்களின் எண்ணிக்கை, வெளிப்பாட்டுக் காலம், அதன் பின் கழுவியது அல்லது கழுவாதது ஆகியவற்றை ஒவ்வொரு சோதனைக்கும் எழுத வேண்டும். இவற்றுள் செல் எண்ணிக்கையும் பைருவேட்டும்தான் வெளியாகும் கட்டுரைகளில் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன. மற்றோர் ஆய்வகம் அதே முடிவைப் பெற இயலாமற்போவதற்கும் பெரும்பாலும் அவையே காரணம்.

மிஞ்சிய கரைசல்களும் குழிகளிலிருந்து எடுத்த ஊடகமும் கழுநீர்த் தொட்டிக்குப் போகக் கூடாது. மெனடையோன் நீர்வாழ் உயிர்களுக்குக் கடும் நச்சு. அடையாளமிட்ட கரிமக் கழிவுக் கலத்தில் சேர்த்து, நிறுவனத்தின் வேதிக்கழிவு முறைப்படி ஒப்படைக்க வேண்டும். மஞ்சள் கறை படிந்த குழாய்முனைகளும் கையுறைகளும் அதே கணக்கில் சேரும்.